மருந்து ஒட்டினால் டி.என்.ஏ.வின் உருவம் எப்படி மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆறாம் படிவமும் மெட்ரிகுலேஷனும் படிக்கும் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்பவர்கள், ஈப்போவுக்குப் போய்ப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர்களின் வீட்டார் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் இடங்களில்தான் குழப்பம் அதிகம். அங்கெல்லாம் கொஞ்சம் நின்று சொல்லியிருக்கிறோம்.

டி.என்.ஏ. என்பது எழுத்து வரிசைதானே? அதற்கு உருவம் எதற்கு?

எழுத்தைப் படிக்கும் புரதங்களுக்குக் கண் கிடையாது. அவை தடவித்தான் படிக்கின்றன. பள்ளம் எவ்வளவு அகலம், சுருள் எவ்வளவு முறுக்கு, எந்த இடத்தில் வளைவு என்று பார்த்துத்தான் ஒட்டுவதா விலகுவதா என்பது முடிவாகும். எழுத்து ஒன்றுகூட மாறாமல் உருவம் மட்டும் மாறினாலே செல்லின் வேலை நின்றுபோகலாம். பல மருந்துகள் செய்வது அதைத்தான்.

அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சுருளின் குறுக்களவு 2 நானோமீட்டர், அதாவது 20 அங்ஸ்ட்ராம். இரண்டு இழைகளின் எழுத்துகள் எதிரெதிராகச் சேர்ந்த ஒரு படியைத்தான் கார இணை என்கிறோம். ஒரு கார இணைக்கும் அடுத்ததற்கும் இடையே உயரம் 3.4 அங்ஸ்ட்ராம். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 10.5 இணைகள். எனவே ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிட 34 டிகிரி திரும்பியிருக்கும்.

இது வலஞ்சுழிச் சுருள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட பால்மரமே (ரப்பர் மரமே) போதும். மரத்தின் முன் நின்றால் உளி வெட்டிய கோடு இடது மேலிருந்து வலது கீழாக இறங்கி மங்கில் (கிண்ணத்தில்) பாலைச் சேர்க்கும். டி.என்.ஏ. இழை அதற்கு நேரெதிர்: இடது கீழிருந்து வலது மேலாக ஏறும். பட்டைக்குள் ஓடும் பால்குழாய்கள்தாம் டி.என்.ஏ.வைப் போல வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன; அவற்றை அதிகம் அறுக்கத்தான் வெட்டு எதிர்ச்சாய்வில் போகிறது. தேர்வுத் தாளில் சுருளை வரையும்போது வெட்டுக்கோடு போல வரைந்தால் அது இடஞ்சுழி ஆகிவிடும். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது.

மருந்து எத்தனை விதமாக ஒட்டும்?

முக்கியமாக மூன்று. படிகளுக்கு நடுவே தட்டையாக நுழைவது, அதாவது இடைச்செருகல். சுருளின் பக்கவாட்டில் ஓடும் பெரிய, சிறிய பள்ளங்களில் சிறிய பள்ளத்தில் படுத்துக்கொள்வது. காரத்தோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்வது. முதலாவது சுருளை நீட்டி முறுக்கைத் தளர்த்தும். இரண்டாவது பெரும்பாலும் நீளத்தைத் தொடாது. மூன்றாவது வளைக்கும், சில சமயம் இரண்டு இழைகளையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒரே மருந்து இரண்டு வேலை செய்வதும் உண்டு.

இடைச்செருகினால் நீளம் கூடும், சரி. முறுக்கு ஏன் குறைய வேண்டும்?

எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடும் இடம் இதுதான். காரணம் எளிது: ஓரங்களில் ஓடும் சர்க்கரை-பாஸ்பேட் இழை ரப்பர் போல இழுபடாது.

கையால் செய்து பாருங்கள். சாத்தே குச்சி இரண்டை 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். 1 செ.மீ.யை 1 அங்ஸ்ட்ராமாக வைத்துக்கொண்டால் இதுதான் சுருளின் குறுக்களவு. முனைகளில் சிறிய வெட்டுப் போட்டு, இரு குச்சிகளையும் இரு பக்கமும் பருத்தி நூலால் கட்டுங்கள். முடிச்சுக்கு முடிச்சு 6.8 செ.மீ. இருக்க வேண்டும். மேல் குச்சியைப் பிடித்துக்கொண்டு கீழ்க் குச்சியை மெல்லத் திருப்புங்கள். திருப்பத் திருப்ப அது மேலே ஏறும். இடைவெளி 3.4 செ.மீ. ஆனதும் பாகைமானியை வைத்துப் பாருங்கள், கோணம் 34 டிகிரிக்கு அருகில் இருக்கும். சாதாரண டி.என்.ஏ.வின் ஒரு படி அதுதான்.

இப்போது 6.6 செ.மீ. உயரத்துக்கு ஓர் அட்டையை நடுவே நுழையுங்கள். அட்டைதான் மருந்து. நூல் நீளாது என்பதால் குச்சி தானாகவே திரும்பி 9 டிகிரி அளவுக்கு வந்து நிற்கும். 34இல் 25 போய்விட்டது. எத்திடியம் என்ற சாயம் ஒரு மூலக்கூறு நுழைந்தால் சுருளை அவிழ்க்கும் அளவும் ஏறத்தாழ 26 டிகிரிதான்.

சரியாக வரவில்லை என்றால் இரண்டு காரணம் பாருங்கள். நைலான் நூல் என்றால் முடிச்சு வழுக்கி நீளம் மாறியிருக்கும். வெட்டுப் போடாமல் குச்சியின் உள்பக்கமாக, 18 செ.மீ. இடைவெளியில் கட்டியிருந்தால் 34க்குப் பதில் 38 டிகிரி காட்டும்.

இந்தக் கருத்தை 1961இல் முன்வைத்தவர் லியோனார்ட் லெர்மன். அக்ரிடின் வகைச் சாயங்களைச் சேர்த்தபோது டி.என்.ஏ. கரைசலின் பிசுபிசுப்பு கூடியது அவருக்குக் கிடைத்த தடயங்களுள் ஒன்று.

அப்படியானால் ஒவ்வோர் இடைவெளியிலும் ஒன்று நுழையுமா?

நுழையாது. ஒரு சந்தில் மருந்து இருந்தால் பக்கத்துச் சந்து அடைபட்டுவிடும். அதிகபட்சம் இரண்டு கார இணைகளுக்கு ஒன்று. எனவே முழுக்க நிரம்பினாலும் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் போகாது. சாதாரண நிலையில் மருந்தை எவ்வளவு ஊற்றினாலும் இரண்டு மடங்கு ஆகாது.

புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்தும் இந்த வகையா?

ஆம். மருந்துக் கடையிலும் தங்க மீன் விற்கும் கடையிலும் கிடைக்கும் அக்ரிஃபிளேவின்தான் அது. அதில் ஒரு பகுதி புரோஃபிளேவின். மூன்று வளையங்கள் ஒட்டிய தட்டையான மூலக்கூறு, நேர்மின்னேற்றம் கொண்டது. எதிர்மின்னேற்றம் கொண்ட டி.என்.ஏ.வின் சந்துக்குள் கச்சிதமாகப் போய் உட்காரும்.

புரோஃபிளேவினுக்கு அறிவியல் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. இது இருக்கும்போது டி.என்.ஏ. நகலெடுக்கப்பட்டால் ஓர் எழுத்து கூடுதலாகச் சேரலாம், அல்லது விடுபடலாம். 1961இல் கிரிக், பிரென்னர் முதலியோர் நுண்ணுயிரைத் தாக்கும் ஒரு வைரஸில் இப்படி உண்டாக்கிய மாற்றங்களைக் கொண்டுதான் மரபுக் குறியீடு மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுகிறது என்று காட்டினார்கள். பள்ளிப் பாடத்தில் வரும் ‘சட்டக நகர்வு’ இதுதான்.

பயப்படவேண்டுமா என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். வெளிப்பூச்சாக, சிறு சிராய்ப்புக்கு, சீட்டில் உள்ளபடி போடுவதற்கும் மூலக்கூறை நேராக டி.என்.ஏ. கரைசலில் கலப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. குடிக்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது. மீன் தொட்டிக்குப் போடும் தூளைக் கையுறையோடு எடுங்கள். அந்தத் தூளைக் கரைத்து மனிதப் புண்ணுக்குப் போடாதீர்கள்.

மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோக்குவினும் டி.என்.ஏ.வில் நுழைகிறதாமே?

நுழையும், ஆனால் பலவீனமாக. மலேரியாக் கிருமியை அது கொல்லும் முக்கிய வழி வேறு. கிருமி நம் இரத்தச் சிவப்பைச் செரிக்கும்போது வரும் ஹீம் என்ற நச்சைக் கட்டியாக்கி ஒதுக்கிவிடும். குளோரோக்குவின் அதைத் தடுக்கிறது. டி.என்.ஏ.வில் ஒட்டுகிறது என்பதற்காக அங்கேதான் வேலை செய்கிறது என்று எழுதிவிடக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் அதன் பலவீனமான நுழைவே பயனாகிறது: டி.என்.ஏ.வை மின்சாரத்தால் ஓட்டிப் பிரிக்கும் ஜெல்லில் கொஞ்சம் கலந்தால் முறுக்கு அளவில் சிறிதே வேறுபடும் டி.என்.ஏ. வளையங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும்.

சிறிய பள்ளத்தில் படுக்கும் மருந்து என்றால் எது?

மாட்டுக்கு ஊசி போடும் டிமினாசீன் நல்ல எடுத்துக்காட்டு. உண்ணி பரப்பும் பெபேசியாவுக்கும், ஈ கடித்துப் பரவும் சுரா நோய்க்கும் கொடுப்பது. பிறைபோல் வளைந்த மூலக்கூறு இது. ஏ-டி இணைகள் தொடர்ந்து வரும் இடத்தில் சிறிய பள்ளம் ஒடுங்கி ஆழமாக இருக்கும். அங்கே இது சொருகிக்கொள்ளும். ஜி-சி இணை வந்தால் ஜி எழுத்தான குவானினின் அமினோத் தொகுதி பள்ளத்தின் தரையில் முட்டுக்கட்டை போல நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் சரியாகப் படியாது. சுரா போன்ற நோய்க்கிருமிகளுக்கு ஏ-டி நிறைந்த தனி டி.என்.ஏ. வலை ஒன்று உண்டு. மருந்து அங்கே போய்ச் சேர்கிறது.

உருவ மாற்றம் இங்கே சிறியது. இதே வகையைச் சேர்ந்த நெட்ரோப்சினின் படிகப் படம் 1985இல் வந்தது. பள்ளத்தில் வரிசையாக நின்ற தண்ணீர் மூலக்கூறுகளை வெளியேற்றிவிட்டு மருந்து அந்த இடத்தைப் பிடித்திருந்தது. பள்ளம் 0.5 முதல் 2 அங்ஸ்ட்ராம் வரை விரிந்திருந்தது, அச்சு 8 டிகிரி வளைந்திருந்தது. படி விலகவில்லை, நீளம் கூடவில்லை.

புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் டி.என்.ஏ.வை வளைக்கிறது என்கிறார்கள். எப்படி?

1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் குழுவினர், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்டீரியா பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போனது. காரணம் மின்புலமல்ல, பிளாட்டினம் மின்வாயிலிருந்து கரைந்து வந்த சேர்மம். 1978இல் அது மருந்தாக அங்கே ஒப்புதல் பெற்றது.

நடுவில் பிளாட்டினம். சதுரத்தின் நான்கு மூலைகளில் இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. ஒரே வகை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். இரத்தத்தில் குளோரைடு லிட்டருக்கு 100 மில்லிமோல் அளவில் இருப்பதால் மருந்து அங்கே கழலாமல் போகிறது. செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு. அங்கே குளோரைடு கழன்று தண்ணீர் வந்து ஒட்ட, மருந்து விழித்துக்கொள்கிறது. மருத்துவமனையில் இதை உப்புநீரில் கலந்து ஏற்றுவதும் இந்தக் கணக்கில்தான். குளோரைடு இல்லாத வெறும் டெக்ஸ்ட்ரோஸ் நீரில் வைத்தால் பைக்குள்ளேயே சிதையத் தொடங்கும். அலுமினிய ஊசியும் ஆகாது: பிளாட்டினம் கருப்பாகப் படிந்துவிடும்.

விழித்துக்கொண்ட பிளாட்டினம் பெரிய பள்ளப் பக்கம் நீட்டியிருக்கும் குவானினின் 7ஆம் நைட்ரஜனைப் பிடிக்கும். மறுகை பக்கத்துக் குவானினைப் பிடிக்கும். உண்டாகும் பிணைப்புகளில் ஏறத்தாழ 65% இப்படி ஒரே இழையில் அடுத்தடுத்த இரண்டு குவானின்கள். 25% அளவு அடினின்-குவானின். இணையாக அடுக்கியிருந்த இரண்டு தட்டுகளையும் ஒரே கையால் பிடித்து இழுத்தால் ஒரு பக்கம் நெருங்கும், மறுபக்கம் விரியும். அதேதான் இங்கும்: அச்சு பெரிய பள்ளத்தை நோக்கி மடங்குகிறது, எதிர்ப்பக்கச் சிறிய பள்ளம் அகன்று ஆழம் குறைகிறது, முறுக்கு ஏறத்தாழ 13 டிகிரி அவிழ்கிறது.

வளைவு எத்தனை டிகிரி என்று ஒரே எண்ணை எதிர்பார்க்காதீர்கள். ஜெல்லில் ஓடும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் 30-35 டிகிரி வரும். கரைசலில் காந்தப்புலம் கொண்டு மூலக்கூறின் அமைப்பை அறியும் என்.எம்.ஆர். முறையில் பார்த்தால் அதைவிட மிகப் பெரிய கோணம் கிடைத்திருக்கிறது. எண்ணை எழுதினால் எந்த முறையில் அளந்தது என்றும் எழுதுங்கள்.

அந்த வளைவு ஒரு கொக்கி மாதிரி. எச்.எம்.ஜி.பி.1 என்ற புரதம் வளைந்த டி.என்.ஏ.வைத் தேடிப் பிடிப்பது. தன்னிடமுள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தின் வளையம் ஒன்றை அந்த மடிப்புக்குள் செருகி உட்கார்ந்துகொள்ளும். அதே அணுக்கள் கொண்ட டிரான்ஸ்பிளாட்டினில் குளோரைடுகள் எதிரெதிர் மூலையில் இருப்பதால் அடுத்தடுத்த இரண்டு குவானின்களை அதனால் பிடிக்க முடியாது. புற்றுநோய்க்கு அது பயன்படவில்லை. மருந்தின் பலன் உருவத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று சொல்ல முடியாது.

அம்மாவுக்குச் சிவப்பு மருந்து ஏற்றினார்கள். சிறுநீரும் சிவப்பாகப் போகிறது. இரத்தமா?

அது டாக்சோருபிசின் என்ற புற்றுநோய் மருந்து என்றால், ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது மருந்தின் நிறம்தான். அதற்கு மேலும் தொடர்ந்தாலோ, எரிச்சலோ காய்ச்சலோ இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

இது இடைச்செருகும் வகை. தட்டையான வளையங்கள் சந்துக்குள் போகும். ஒட்டியிருக்கும் சர்க்கரை சிறிய பள்ளத்தில் தொங்கும். அவிழ்ப்பு ஏறத்தாழ 11 டிகிரி, எத்திடியத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அவிழ்ப்பு குறைவு என்றால் மருந்து லேசானது என்று அர்த்தமில்லை. டி.என்.ஏ.வை வெட்டி, சிக்கெடுத்து, மீண்டும் ஒட்டும் டோப்போஐசோமரேஸ் 2 என்ற நொதியை வெட்டிய நிலையிலேயே இது நிறுத்திவிடுகிறது. இரு இழைகளும் அறுந்தபடி நிற்கும். இதயத்தையும் பாதிக்கக்கூடியது என்பதால் வாழ்நாள் மொத்த அளவைக் கணக்கு வைத்துத்தான் கொடுப்பார்கள். முன்பு வேறு இடத்தில் ஏற்றியிருந்தால் அந்தச் சீட்டைக் கட்டாயம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வளைய டி.என்.ஏ.வில் மட்டும் ஏன் மீச்சுருள் மாறுகிறது?

முனை இல்லை, அதனால். (வளையமே தன்மேல் மீண்டும் சுருண்டு முறுக்கிக்கொள்வதுதான் மீச்சுருள்.) நேர்த்துண்டில் அவிழ்ந்த முறுக்கு முனை வழியே வெளியேறிவிடும். வளையத்தில் இழைகள் ஒன்றையொன்று சுற்றும் மொத்த எண்ணிக்கை, எங்காவது அறுத்தால் ஒழிய மாறாது. ‘பிணைப்பு எண் = முறுக்கு + மீச்சுருள்’. ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் கூடியாக வேண்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பி.பி.ஆர்.322 என்ற பிளாஸ்மிட்டில், அதாவது பாக்டீரியாவில் இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையத்தில், 4361 இணைகள். 10.5ஆல் வகுத்தால் 415 சுற்று. பாக்டீரியாவிலிருந்து எடுத்ததும் அதில் 6% குறைவாக, அதாவது 25 சுற்று குறைவாக முறுக்கியிருப்பதாக வைப்போம். 25 × 360 = 9000 டிகிரி. ஒரு எத்திடியம் 26 டிகிரி அவிழ்க்கும் என்றால் 346 மூலக்கூறு நுழைந்ததும் வளையம் தளர்ந்து தட்டையாகும். 12 அல்லது 13 இணைகளுக்கு ஒன்று. அதற்கு மேலும் நுழைந்தால் எதிர்த்திசையில் சுருளத் தொடங்கும். ஜெல்லில் முதலில் ஓட்டம் தளர்வதும் பிறகு மீண்டும் வேகமெடுப்பதும் இதனால்தான்.

இடைச்செருகலா, பள்ளத்தில் ஒட்டலா என்று ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிசுபிசுப்பை அளப்பது மலிவானது, நம்பகமானது. கண்ணாடி விஸ்காமீட்டரும் நீர்த்தொட்டியும் நொடிக்கடிகாரமும் போதும்.

கன்றுக்குட்டி தைமஸ் டி.என்.ஏ.வை 5 மில்லிமோலார் டிரிஸ், 50 மில்லிமோலார் உப்பு, பி.எச். 7.2 உள்ள கரைசலில் ஓரிரவு 4 டிகிரியில் கரைய விடுங்கள். குலுக்காதீர்கள். பிறகு பனிக்கட்டியில் வைத்து ஒலியலையால் 200-300 இணை நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது: நீண்ட டி.என்.ஏ. நூல்போல் சுருண்டு கிடக்கும், குட்டைத் துண்டுதான் குச்சி போல நிற்கும், கணக்கும் குச்சிக்கு உரியது. 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, நியூக்ளியோடைடுக்கு (ஓர் இழையின் ஓர் எழுத்துக்கு) 6600 என்ற கெழுவால் செறிவைக் கணக்கிடுங்கள். 260க்கும் 280க்கும் உள்ள விகிதம் 1.8க்குக் கீழே இருந்தால் புரதம் கலந்திருக்கிறது.

பிறகு மருந்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஓட்ட நேரம் எடுங்கள். எடுத்துக்காட்டாக, வெறும் கரைசல் 120 நொடி, டி.என்.ஏ.வோடு 132, ஐந்து இணைக்கு ஒரு மருந்து ஒட்டியதும் 140.7 நொடி என்று வைப்போம். கூடுதல் நேரம் 12இலிருந்து 20.7 ஆகியிருக்கிறது. விகிதம் 1.73. குச்சிக்குப் பிசுபிசுப்பு நீளத்தின் கனத்துக்கேற்ப ஏறுவதால் கனமூலம் எடுக்கிறோம்: 1.2. குச்சி 20% நீண்டிருக்கிறது, அதாவது இடைச்செருகல். பள்ளத்தில் ஒட்டும் மருந்துக்குக் கோடு ஏறக்குறைய தட்டையாகவே போகும்.

எங்கே கெடும்? பெரும்பாலும் வெப்பநிலையில். தண்ணீரின் பிசுபிசுப்பு ஒரு டிகிரிக்கு 2% மாறும். 132 நொடியில் 2% என்றால் ஏறத்தாழ 3 நொடி. நீங்கள் அளப்பதே 12 நொடி வேறுபாடு. நம் ஊர்ப் பிற்பகலில் ஏர்கான் நின்று ஓடினால் முடிவு வீண். தொட்டி 25 டிகிரியில், 0.1 டிகிரிக்குள் நிற்க வேண்டும். கரைசலை ஊற்றிப் பத்து நிமிடமாவது விட்டுத்தான் அளக்க வேண்டும். அடுத்து, மருந்து விகிதத்தை நியூக்ளியோடைடுக்குப் போட்டுவிட்டு இணைக்குப் போட்டதாக எழுதுவது. சாய்வு இரண்டு மடங்காகிவிடும். குமிழியும் தூசியும் நுண்குழாயை அடைக்கும், வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள்.

பப்பாளியில் எடுத்த டி.என்.ஏ. ஆகுமா?

பாத்திரம் கழுவும் சோப்பும் உப்பும் ஸ்பிரிட்டும் வைத்து எடுக்கும் வெள்ளை நூல் கண்ணால் பார்க்க நல்லது. அளவெடுக்க ஆகாது. அதில் பெக்டினும் புரதமும் கலந்திருக்கும். பெக்டினே பிசுபிசுப்பைத் தூக்கிவிடும்.

பிளாஸ்மிட்டை வைத்து அவிழ்ப்பைச் சோதித்தோம். மீச்சுருள் அப்படியே இருக்கிறது. மருந்து இடைச்செருகுகிறது என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். மீச்சுருளைத் தளர்த்தும் டோப்போஐசோமரேஸ் 1 நொதியோடு செய்யும் இந்தச் சோதனையில் மருந்து நொதியையே முடக்கினாலும் இதே படம் வரும்.

இரண்டு குழாயில் செய்யுங்கள். ஒன்றில் மீச்சுருள் பிளாஸ்மிட், மற்றொன்றில் முன்பே தளர்த்திய பிளாஸ்மிட். இரண்டிலும் ஒரே அளவு மருந்து, நொதி. 37 டிகிரியில் வைத்துவிட்டு, ஃபீனால் கொண்டு மருந்தையும் நொதியையும் நீக்கிய பிறகே ஜெல்லில் ஏற்றுங்கள். மருந்து இடைச்செருகியிருந்தால் தளர்ந்து இருந்ததும் மீச்சுருளாக மாறி, இரண்டு குழாயும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். நொதிதான் முடங்கியது என்றால் இரண்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

நொதி மனிதன், கன்று, கோதுமை போன்றவற்றிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். ஈ.கோலை பாக்டீரியாவின் டோப்போஐசோமரேஸ் 1 குறைமுறுக்கை மட்டுமே தளர்த்தும், மிகைமுறுக்கைத் தொடாது. ஜெல் 1% அகரோஸ், அதில் எத்திடியம் கலக்காதீர்கள்; கலந்தால் சாயமே முறுக்கை மாற்றிவிடும். ஓடி முடித்த பிறகு, மி.லி.க்கு 0.5 மைக்ரோகிராம் எத்திடியம் கலந்த நீரில் அரைமணி நேரம் ஊற வைத்து, வெறும் தண்ணீரில் 20 நிமிடம் அலசிப் படம் எடுங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். அந்தத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், தனிக் கலனில் சேர்த்து ஆய்வுக்கூடக் கழிவாகக் கொடுங்கள்.